இடது கைக்கு ஒரு பாக்கெட்

முதல் விதியிலேயே இடறினேன்.
கருவியைத் தொடும்போது ஒரு கை
பாக்கெட்டில் இருக்க வேண்டுமாம்.
சுடிதாருக்கு ஏது பாக்கெட்?
செலஸ்டினின் பழைய ஸ்வெட்டரை வாங்கி மாட்டினேன்.
இடப்பக்கப் பைக்குள் ஒரு மிட்டாய்த் தாள்,
அதைக் கசக்கிக்கொண்டே இருந்தால்
கைக்கு வெளியே வரத் தோன்றாது.
வலது கையில் ஏறும் மின்சாரம்
இடது கை வழியே இறங்கப் பார்த்தால்
நடுவில் இருப்பது நெஞ்சு.
வேறு காரணம் இல்லை.

டிரான்ஸ்பார்மர், மூடிப்போன பேக்கரியுடையது.
கட்டபெட்டு ஜங்ஷனில்
‘வர்க்கி’ என்று சிவப்பாய் எரிந்த எழுத்துகளுக்குப் பின்னால்
ஒன்பதாயிரம் வோல்ட் உட்கார்ந்திருந்தது,
கீழே நின்று நாங்கள்
டீயில் தோய்த்துத் தின்ற சாயங்காலமெல்லாம்.
பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டுத் தந்தார்கள்.
கூடவே இரண்டு கேக் தட்டும்.
வாயோடு வாய் கவிழ்த்தால்
அதுதான் எங்கள் கோபுரத்துக்குத் தலை.

பிவிசி குழாயில் செம்புக் கம்பி சுற்றினோம்.
அறுநூற்றுப் பதின்மூன்றாவது சுற்றில்
கேரட் பாத்திக்குள் காட்டெருமை இறங்கிவிட்டது.
கத்தி, தகரம் தட்டி, துரத்திவிட்டு வந்தால்
அத்தனை சுற்றும் தளர்ந்து
குழாயின் காலடியில் சிக்கலாய்க் கிடந்தது.
மறுபடி ஒன்று.
இரண்டு.

வீட்டு எர்த்தோடு சேர்க்கக் கூடாது,
இதற்கென்று தனிக் கம்பி மண்ணுக்குள் போக வேண்டும்.
நாலடியில் பாறை.
தள்ளி அடித்தால் மூன்றரையில் பாறை.
இந்த மலை தேயிலை வேருக்கு மட்டும்
எப்படி வழி விட்டதோ.
ஐந்தாவது இடத்தில் முழுதாய் இறங்கிற்று.

அப்புறம் நவம்பர் முழுக்க மூடுபனி.
ஜன்னல் இடுக்கில் நுழைந்து
சுருளின்மேல் ஈரமாய்ப் படியும்.
ஈரத்தில் பொறி குறுக்குவழி தேடும்,
வார்னிஷைக் கருக்கிக் கோடு இழுக்கும்.
தினமும் துணியால் துடைத்து மூடி வைத்தோம்.

ஜனவரியில் வந்தது அந்த வியாழன்.
கேரட் இலைமேல் உப்புத் தூவியதுபோல் உறைபனி.
காற்று அப்பளமாய்க் காய்ந்திருந்தது.
போன்களைச் சமையலறையில் வைத்தாயிற்று.
தரையில் சாக்பீஸ் கோடு, அதற்கு இப்பால் நாங்கள்.
நான் ‘ரெடி’ என்று மூன்று தடவை சொல்ல வேண்டும்,
அவன் மூன்று தடவை திருப்பிச் சொல்ல வேண்டும்,
அதற்கப்புறம்தான் சாவி.
இரண்டு தடவை ஆகியிருந்தது.

கீழ்வீட்டில் விளக்கு.
வியாழன்தோறும் அளக்கரைக்கு மகள் வீட்டுக்குப் போகும்
ஓனர் ஆரி கவுடரின் ஜீப்
இடத்தைவிட்டு நகரவேயில்லை.
அவர் மார்புத் தோலுக்கடியில்
கோயம்புத்தூரில் வைத்த சின்னப் பெட்டி
அவருக்காக எண்ணிக்கொண்டிருக்கிறது.
எங்கள் கோபுரம் வாய் திறந்தால்
அதற்கு எண்ணிக்கை தப்புமா?
தெரியாது என்றான் செலஸ்டின்.
நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்.
சாவியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.
விடியும்வரை ஒரு மேகம்கூட வரவில்லை,
எரிச்சலாய் இருந்தது.

அதற்குப்பின் கிடைத்தது ஒரு சுமாரான வியாழன்.
ஜீப் வளைவு தாண்டும் சத்தம் தேய்ந்தபின்
ஓசோன் போக ஜன்னலைத் திறந்தோம்.
ரெடி. ரெடி. ரெடி.

காடாத் துணி கிழிகிற சத்தம்.
கேக் தட்டின் விளிம்பிலிருந்து
ஊதா நிறத்தில் ஒரு வேர்,
ஒரு சாண் இருக்கும்,
காற்றில் மண் தேடியது.
தொட்டுப் பாரேன் என்றது என் விரல்களில் ஒன்று.
வலிக்காதாம்.
வலிக்காமலே உள்ளே வேகுமாம்.
மிட்டாய்த் தாள் பொடிப்பொடியாய்ப் போனது.

நாலு நொடி. ஆஃப்.
கெப்பாசிட்டருக்கு அந்தச் சொல் கேட்டிருக்காது.
அறுபது எண்ணினேன்.
நீளத் தடியின் செம்பு நுனியை
மெல்ல நீட்டித் தொட்டேன்.
டப்.
செலஸ்டின் என்னைப் பார்த்தான்.
மறுபடி தொட்டேன், சத்தமில்லை.
இருந்தும் இன்னொரு தடவை தொட்டேன்.

பத்து மணிக்கு ஜீப் ஏறி வந்தது.
இறங்கிய கவுடர் மூக்கை உயர்த்தி
இருட்டில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார்.
“இங்கே மழையா பெய்தது?”

இல்லைங்க,
நாங்கதான்.